ஜாக்கெட் இருக்கட்டும், தம்பி

வேளச்சேரித் தம்பி நாலு கேள்வி கேட்டிருக்கார். செப்டம்பர்ல டொரோண்டோ வர்றேன், வாடகை எவ்வளவு, குளிர் ஜாக்கெட் இங்கேயே எடுக்கலாமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா. கடைசியா, "அங்க கஞ்சா லீகலாமே, அடிச்சிட்டு மெதுவா ஓட்டினா பிரச்சினை இல்லைன்னு சீனியர் சொன்னார், நிஜமாண்ணா?"

முதல் மூணுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க. ஜாக்கெட் மட்டும் தி.நகர்ல எடுக்காதே. நான் எடுத்தேன்.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். லீவுல மயிலாப்பூர் அம்மா வீட்டுல இருக்கேன், நேரம் நிறைய இருக்கு.

2018 அக்டோபர் 17லேர்ந்து கனடாவுல கஞ்சா லீகல். டொரோண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல 19 வயசானா கடையிலயே வாங்கலாம். இங்க டாஸ்மாக்கும் லீகல்தான், அதுக்காகக் குடிச்சிட்டு வண்டி எடுக்கலாம்னு யாராவது சொன்னாங்களா? வந்ததும் நீ வாங்கப் போறது ஜி1, அப்புறம் ஜி2, ரெண்டும் புதுசா ஓட்டறவங்களுக்கான லைசென்ஸ். அந்த லைசென்ஸ் கையில இருக்கிற வரைக்கும் உனக்கு மதுவும் பூஜ்யம், கஞ்சாவும் பூஜ்யம். முழு லைசென்ஸ் வந்தாலும் வயசு 22 ஆகிற வரைக்கும் அதே பூஜ்யம்தான். "இந்தியாவுல 30தான், அங்க 80 வரைக்கும் விடறான்"னு பீத்திக்கிறவங்களை நம்பாதே. 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் மது வந்தா கிரிமினல் கேஸ். 50 வந்தாலே முதல் தடவையே சில நாளுக்கு லைசென்ஸ் போயிடும். அந்தக் கணக்கும் என்னை மாதிரி வயசானவங்களுக்குத்தான், உனக்கு இல்ல.

நான் இறங்கினது 2009 ஜனவரி. டொரோண்டோ ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மென்ட், ஆறு பேர், ஒரே பாத்ரூம். அடுத்த டிசம்பர்ல ஒரு பழைய கொரோலா, கையில ஜி2. ஒரு ஃப்ரெண்ட் வீட்டுல ஒரே ஒரு பீர். ஈசிஆர்ல ரெண்டு பீர் அடிச்சிட்டு பல்சர்ல திருவான்மியூர் வந்து சேர்ந்தவன் நான், ஒண்ணெல்லாம் ஒரு கணக்கான்னு நினைச்சேன். இங்க போலீஸ் நிறுத்தினா யாராவது மாமாவுக்குப் போன் போடலாம்னு ஒரு குருட்டு தைரியம் இருக்குமில்ல, அது அங்க எடுபடல. அந்த இடத்துலேயே லைசென்ஸை வாங்கிட்டாங்க. மைனஸ் 15ல, தி.நகர் ஜாக்கெட்டோட, 40 நிமிஷம் நடந்தேன்.

இப்போ இன்னும் கெடுபிடி. வண்டியை முறைப்படி நிறுத்தின போலீஸ், சந்தேகமே இல்லாட்டியும் ஊதச் சொல்லலாம். மாட்டேன்னு மறுத்தா அதுவே குற்றம், குறைஞ்சது 2,000 டாலர் அபராதம்.

கஞ்சா அடிச்சா மெதுவா ஓட்டுவோங்கிறது பாதி நிஜம். பிரேக்குக்குக் கால் போறதும் சேர்ந்து மெதுவாகுமே, அதை உன் சீனியர் சொல்லலையா? 'கம்மி'ன்னு (gummy) விக்கிற கஞ்சா மிட்டாய் அதைவிட மோசம். இழுத்தா நிமிஷத்துல தெரியும், தின்னா ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாம இருக்கலாம். 2020ல என் பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்த தாம்பரம் பையன் ஒன்பது மணிக்கு ஒண்ணு தின்னான். பத்து மணிக்கு, "ஒண்ணும் ஏறலையே"ன்னு இன்னொண்ணு, நடுவுல ஒரு பீர். பதினொண்ணுக்கு 401 ஹைவேயில தடுப்புக் கம்பியில வண்டியைச் சொருகினான். மதுவும் கஞ்சாவும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும். அதனால ரெண்டும் சேர்ந்து இருந்தா சட்டமும் எல்லையைக் குறைச்சு வெச்சிருக்கு. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல. வண்டி 7 நாள் பறிமுதல், லைசென்ஸ் 90 நாள் போச்சு, அப்புறம் கேஸ்.

அபராதத்தைக் கட்டிட்டா முடிஞ்சதுன்னு அவன் நினைச்சான். 2018 டிசம்பர் 18லேர்ந்து இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 5 வருஷம் இல்ல, 10 வருஷம். அதனால குடியேற்றச் சட்டத்துல இது கடுமையான குற்றம். ஜெயிலுக்கே போகாட்டியும் பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற அனுமதி, வாங்கினவனைக்கூட நாட்டை விட்டு அனுப்பலாம், ஸ்டூடன்ட் பெர்மிட்காரன் எம்மாத்திரம்? ரெண்டு வருஷம் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சான். தாம்பரத்துல அவங்கப்பா அடகு வெச்ச நகை எல்லாம் அதுலதான் கரைஞ்சது.

பசங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். பொங்கல் விழாவுல வேட்டி கட்டிட்டு வந்து, "ஒண்ணுதானேப்பா, வீடு பக்கம்தானே"ன்னு கையில கிளாஸைத் திணிக்கிற அங்கிள்கள் இருக்காங்களே, எனக்குக் கோபமே அவங்க மேலதான். அவங்க வண்டியை மட்டும் ஆன்ட்டி ஓட்டிட்டுப் போவாங்க. வந்த மூணாவது வாரம் கடனுக்குக் கார் எடுக்கிற கூட்டமும் எனக்கு ஆகாது. நாங்க ரெண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போனோம், ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

என் வீட்டுக்கு சனிக்கிழமை பசங்க வந்தா, சாவியெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல. கீழே மெத்தை போட்டிருக்கும். காலையில இட்லி சாப்பிட்ட பிறகுதான் பாட்டில் கீழே இறங்கும்.

நேத்து ராத்திரி பெசன்ட் நகர்ல பழைய காலேஜ் கூட்டம், எனக்கு ரெண்டு ரவுண்ட். என் தம்பியோட ஸ்கூட்டரை அங்கேயே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சேன். மயிலாப்பூருக்கு 350 ரூபாய் கேட்டார், வாய் பேசாம குடுத்தேன். கனடா போயி பேரம் பேசக்கூட மறந்துட்டான்னு அம்மா காலையிலேர்ந்து திட்டிட்டு இருக்காங்க.