சேகரித்து வைக்கத்தக்க நாற்காலி, விளக்கு, கண்ணாடிப் பொருட்களை வடிவமைப்பவர்களுக்கு ஓர் ஊரும் அங்குள்ள கைத்தொழிலும் எப்படித் தூண்டுதல் தருகின்றன?

நான் விளக்குக் கூடுகள் வடிவமைப்பவன். ஓர் ஊரின் மலையும் கடலும் மனதைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தால் பெரும்பாலும் படம்தான் மிஞ்சுகிறது. அந்த ஊரில் காலங்காலமாக ஒரு வேலையைச் செய்துவரும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் பொருள் பிறக்கும் என்பது என் எண்ணம்.

இசாமு நொகுச்சியின் அகாரி விளக்குகளைப் பாருங்கள். சிற்பியான அவர் 1951-இல் ஹிரோஷிமா போகும் வழியில் ஜப்பானின் கிஃபு நகரில் தங்கினார். காகித விளக்குக் கூடுகளுக்குப் பெயர்போன ஊர் அது, தொழில் நலிந்துகொண்டிருந்தது. அதற்கு உயிர் கொடுக்க ஏதாவது செய்ய முடியுமா என்று அந்த ஊர் மேயர் கேட்டார். நொகுச்சி முதலில் செய்தது பட்டறைகளைப் பார்த்ததுதான். மரச் சட்டங்களைக் கோத்து ஓர் அச்சு செய்வார்கள். அதன்மேல் மெல்லிய மூங்கில் சிம்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதற்கு மேல் முசுக்கட்டை இனச் செடியின் பட்டையிலிருந்து செய்த காகிதத்தை ஒட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கூட்டின் வாய் வழியே வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பது காகிதமும் மூங்கிலும் மட்டும். அமுக்கினால் தட்டையாக மடங்கிவிடும்.

இந்த முறையில் அவர் கை வைக்கவே இல்லை. மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் மின்விளக்கை வைத்தார், காகிதத்தில் தீட்டும் பூவேலையை விட்டார், அச்சின் உருவத்தை மாற்றினார். அவ்வளவுதான். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 1986-இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் அமெரிக்க அரங்கில் அவர் காட்டியவற்றில் இந்த விளக்குகளும் இருந்தன.

எனக்கு இது புரிந்தது தாமதமாகத்தான். என் முதல் மூங்கில் கூட்டுக்குக் காகிதத்தில் அழகழகாக வளைவுகள் போட்டுக் கொண்டுபோனேன். மூங்கில் வேலை செய்யும் பெரியவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு பத்தையை எடுத்து நான் போட்டிருந்த இடத்தில் வளைத்தார். கணுவில் படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டை என் கையில் கொடுத்து, "கணுவுல கேட்டா தராது தம்பி. ரெண்டு கணுவுக்கு நடுவுல கேளுங்க, எவ்வளவு வேணும்னாலும் தரும்" என்றார். அன்றைக்கே அங்கே உட்கார்ந்து வரைபடத்தை அழித்துவிட்டு, கணு விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே வளைவு வருவதுபோல் மறுபடி போட்டேன். அந்தக் கூட்டைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அந்த வளைவுகளைப் பற்றித்தான். அது நான் யோசித்தது இல்லை, மூங்கில் சொன்னது.

சரி, இடத்தின் காட்சி மட்டும் தூண்டியதே இல்லையா என்றால், உண்டு. ஃபின்லாந்தின் வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்கலா 1968-இல் செய்த 'அல்டிமா தூலே' கண்ணாடிக் குவளைகள் அந்நாட்டின் வடகோடியான லாப்லாந்தில் பனிக்கட்டி உருகுவதைப் பார்த்து வந்தவை. ஆனால் அந்த ஈரம் சொட்டும் மேற்பரப்பு கண்ணாடியில் வருவதற்கு அச்சோடும் ஊதும் முறையோடும் அவர் நெடுநாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பனியைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். உலை முன்னால் நின்றவர் அவர்.

இடம் என்றால் நாமாகத் தேடிப் போகும் அழகான ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமா அமெரிக்காவில் பிறந்து கட்டடக்கலை படித்தவர். புதுச்சேரியில் கோல்கொண்டே என்ற ஆசிரம விடுதியைக் கட்டும் பணியிலும் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக 1942-இல் அவரையும் குடும்பத்தையும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். பாலைவனம், முள்கம்பி. அங்கே கெந்தாரோ ஹிகொகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். ஜப்பானியக் கைக்கருவிகளையும் மரப் பொருத்துகளையும் அவரிடம் கற்றார். கிடைத்த கழிவு மரத்தில்தான் வேலை. பிற்காலத்தில் நகாஷிமாவின் மேசைகளில் மரத்தின் இயல்பான விளிம்பு அப்படியே இருக்கும். பிளவு இருந்தால் அதை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டை வைத்துப் பிடித்துவிடுவார். அந்த மேசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம், சண்டிகர். 1950-களில் புதிதாகக் கட்டப்பட்ட அந்த நகரின் அலுவலகங்களுக்காகக் கட்டடக்கலைஞர் பியேர் ஜான்னரே நாற்காலிகள் வடிவமைத்தபோது உள்ளூரில் கிடைத்தது தேக்கும் பிரம்பும், நிறையத் தச்சர்களும். அதனால் ஒரே நாற்காலியைப் பல பட்டறைகள் செய்யும்படி எளிய, தடித்த கால்களை வைத்தார். பட்டறைக்குப் பட்டறை சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து உடைசலாக ஒதுக்கப்பட்ட அவை இன்று வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. அசல்தானா என்று பார்க்க, வாங்குபவர்கள் நாற்காலியின் பின்பக்கத்தைத் திருப்பி, பெயின்டில் எழுதிய துறையின் பெயரையும் எண்ணையும் தேடுவார்கள். ஏலப் பட்டியலில் ஜான்னரே பெயர் இருக்கும், அலுவலகத்தின் பெயர் இருக்கும். பிரம்பைப் பின்னியவர் பெயர் எங்கேயும் இருக்காது. என் கூடுகளின் அடியில் இப்போது இரண்டு பெயர்கள் எழுதுகிறேன். பெரியவர் பெயர் முதலில்.