முதல் பருவத் தொடர்பியல் தாள்: எதை வைப்பது, எதைத் தூக்குவது?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதல் பருவத்தில் 'தொடர்பியல் அறிமுகம்' தாள் என் பொறுப்பு. ஐந்து அலகு, வாரத்துக்கு ஐந்து மணி நேரம். வரையறை, வகைகள், தொடர்பு எப்படி நடக்கிறது என்று படமாகக் காட்டும் பன்னிரண்டு மாதிரிகள், பத்திரிகைக் கோட்பாடுகள் என்று போகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு அடுத்த பருவத்தில் மறந்துவிடுகிறார்கள். வரும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குள் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சமூக ஊடகம், ஏஐ எல்லாம் சேர்க்க வேண்டுமாம், உள்ளூர் உதாரணமும் வேண்டுமாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

பழைய பாடத்திட்டத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடைசி நான்கைந்து ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுங்கள். மாணவர் படிப்பது பாடத்திட்டத்தை அல்ல, வினாத்தாளை. 'லாஸ்வெல் மாதிரியைப் படத்துடன் விளக்குக' (யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்பதுதான் அந்த மாதிரி) என்று ஆண்டுக்கு ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தால், அலகுகளை எப்படி மாற்றி எழுதினாலும் அவர்கள் அந்தப் படத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். அதில் அவர்கள் மேல் குற்றமே இல்லை. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் வினாத்தாள் அமைப்பையும் சேர்த்தே மாற்ற முடியும். பல்கலைக்கழகமே வினாத்தாள் தரும் இணைவுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கையில் இருப்பது அகமதிப்பீட்டு மதிப்பெண் மட்டும்தான், ஆனால் அதை வைத்தும் நிறையச் செய்யலாம்.

அடுத்து, இந்தத் தாளை முடித்த மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதுங்கள். 'அறிந்துகொள்வார்', 'புரிந்துகொள்வார்' இரண்டும் வேண்டாம். அறிந்தாரா என்பதை யார் பார்த்தது? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ஒரு செய்தி எங்கே பிறந்து யார் யார் கை மாறி வந்தது, வழியில் என்ன மாறியது என்று தடம் பிடித்துக் காட்டுவார்; ஒரே தகவலை மூன்று வகை ஆட்களுக்கு மூன்று விதமாகச் செய்து தருவார்; ஃபோனுக்கு வரும் ஒரு ஃபார்வர்டை நம்பலாமா என்று சோதித்து, சோதித்த வழியையும் சொல்வார்; ஒரு கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஓர் உதாரணத்தோடு வாதிடுவார். கோர்ஸ் அவுட்கம் (கற்றல் விளைவு), நினைவுகூர்வது தொடங்கிப் படைப்பது வரை கே1 முதல் கே6 என்று பிரித்த கட்டங்கள், மேப்பிங் அட்டவணை எல்லாவற்றையும் இந்த நான்கிலிருந்தே நிரப்பிவிடலாம். அட்டவணையை முதலில் நிரப்பிவிட்டு அதற்கேற்பப் பாடத்தைத் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, பாடம் கெடுவதும் அங்கேதான்.

இனி வெட்டும் வேலை. பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்பதைத் தூக்கிவிடலாம், ஒன்றும் குடி முழுகாது. ஷானன் (1948), லாஸ்வெல் (1948), ஷ்ராம் (1954) மூவரும் இருக்கட்டும். நான்காவதாக ஜேம்ஸ் கேரி 1975இல் முன்வைத்த, தொடர்பைச் சடங்காகப் பார்க்கும் பார்வையைச் சேருங்கள். நான்கும் ஒரே பொருளின் நான்கு படங்கள் அல்ல, நான்கு வேறு கேள்விகள். அந்த வேறுபாடு மாணவருக்குப் பிடிபட்டுவிட்டால் மற்ற மாதிரிகளைப் பின்னால் அவரே படித்துக்கொள்வார். அரசுக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவைப் பேசும், 1956இல் வந்த நான்கு பத்திரிகைக் கோட்பாடுகளை இரண்டாம் ஆண்டின் ஊடகச் சட்டத் தாளுக்கு அனுப்புங்கள். பள்ளி முடித்து வந்த முதல் மாதத்தில் அது யாருக்கும் ஒட்டாது.

மாதிரிகளை எப்படி நடத்துவது? பெயர், ஆண்டு, படம் என்று தொடங்காமல் கையில் ஒரு நிகழ்வைக் கொடுங்கள். உங்கள் ஊருக்கு மிகப் பொருத்தமான ஒன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 'ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற வரியைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. அதற்கு என்ன பொருள் என்று வீட்டிலும் தெருவிலும் பத்துப் பேரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பு தானாகச் சூடுபிடிக்கும். வானிலைத் துறை தகவல் அனுப்புகிறது, துறைமுகத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களாகவும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் அது ஏறுகிறது, கப்பலோட்டி அதைப் படிக்கிறார். அனுப்புநர், குறியீடு, ஊடகம், பெறுநர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. அது கப்பலோட்டிக்காகச் செய்த குறியீடு. அதையே செய்தித்தாளில் எண்ணாக மட்டும் போட்டால் வாசகருக்கு என்ன போய்ச் சேர்கிறது? ஒன்றாம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய வானிலை, இரண்டு என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது, மூன்றாம் எண்ணில்தான் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும் நிலை. 'ரெண்டு தானே' என்று படகை எடுக்கலாமா என்ற கேள்வியில் ஒரு மணி நேரம் போய்விடும்.

இங்கே ஷானனைக் கொண்டுவாருங்கள். அவர் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். அனுப்பிய குறி மறுமுனையில் சிதையாமல் கிடைக்கிறதா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல், பொருள் புரிந்ததா என்பது தன் பொறியியல் கணக்கில் வராது என்று அவரே ஒதுக்கி வைத்தார். அதை விரித்து, பொருள் சேர்ந்ததா, நடத்தை மாறியதா என்ற இரண்டு தளங்களையும் அடுத்த ஆண்டு பேசியவர் வீவர். நம் பாடக் குறிப்புகள் இருவரையும் ஒரே ஆளாக்கி, 'ஷானன் மாதிரியின் குறை, அதில் பொருளுக்கு இடமில்லை' என்று எழுதவைக்கின்றன. அவர் தொடாத வேலைக்கு அவரைக் குறை சொல்வது என்ன நியாயம்? கூண்டை வைத்து நடத்தினால் இந்தக் குழப்பம் வராது. குறி சரியாக ஏறிவிட்டது, பொருள் சேரவில்லை, இரண்டும் தனித்தனி என்று மாணவரே சொல்லிவிடுவார். கூடவே, கூண்டு எண் 11ஐக் கேளுங்கள். வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். தகவல் வரவில்லை என்பதையே தகவலாக்கிய அந்த ஓர் எண்ணை வைத்து ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

கேரிக்கு வில்லுப்பாட்டு. கோயில் கொடை விழாவில் சுடலைமாடன் கதை பாடும்போது கேட்கிறவர்களில் கதை தெரியாதவர் யார்? எல்லாருக்கும் தெரியும். புதுத் தகவல் ஒன்றும் இல்லை. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். தகவலைக் கடத்துவதுதான் தொடர்பு என்றால் இதை எந்தக் கணக்கில் வைப்பது? ஒரு கூட்டம் தன்னைக் கூட்டமாக உணரவும், பகிர்ந்த உலகத்தைக் கட்டிக்காக்கவும் தொடர்பு வேலை செய்கிறது என்பதைத்தான் கேரி சொன்னார். செய்தித்தாள் வாசிப்பையே அவர் அப்படிப் பார்த்தார். முதன்மைப் பாடகர் ஒரு வரி விட, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு வாங்குகிறாரே, அங்கே ஷ்ராம் சொன்ன பின்னூட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: 'நாட்டுப்புற ஊடகங்கள்: வில்லுப்பாட்டு, கணியான் கூத்து' என்று தலைப்புப் போட்டு இரண்டு மதிப்பெண் வினாவாக மாற்றிவிடாதீர்கள். அதைவிடச் சேர்க்காமல் இருப்பதே மேல். (அல்வா உதாரணமும் வேண்டாம். வாய்வழி விளம்பரம் என்று கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.)

கோட்பாட்டு அலகுக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தை நடுவில் வையுங்கள். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்விட்டன. அந்த நாட்களில் யார் சொன்னதை யார் நம்பினார்கள்? தொலைக்காட்சியா, குடும்ப வாட்ஸப் குழுவா, கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ வந்த அறிவிப்பா, தெருவில் எல்லாரும் மதிக்கிற ஒருவரா? இதைக் கேட்டபிறகு சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டுக்குப் போங்கள். அவரும் குழுவினரும் ஆராய்ந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி கவுண்டி வாக்காளர்களை, 1940 அதிபர் தேர்தலில். ஊடகம் நேரே வாக்கை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, பழகிய மனிதர்களின் பேச்சுக்குப் பெரும் பங்கு இருப்பது தெரிந்தது. ஊடகம் சொல்வது முதலில் கருத்துத் தலைவர்களுக்கும் அவர்கள் வழியாக மற்றவர்களுக்கும் போகிறது என்னும் இரண்டுபடி ஓட்டம் என்ற கருத்து அங்கிருந்து வந்தது. இந்தப் பின்னணியை அப்படியே சொல்லுங்கள். ஈரி கவுண்டியைத் தாமிரபரணிக் கரைக்குத் தூக்கி வர வேண்டாம். வெள்ளம் அந்தக் கோட்பாட்டை 'நிரூபிக்கிறது' என்று எழுதும் விடைக்குக் குறைந்த மதிப்பெண், எங்கே பொருந்தவில்லை என்று காட்டும் விடைக்குக் கூடுதல் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஃபார்வர்டாக வந்த குரல் பதிவில் பேசுகிறவர் யாரென்றே தெரியாதே, அவர் எப்படிக் கருத்துத் தலைவர் ஆவார் என்று ஒரு மாணவர் கேட்டால் போதும், இந்த அலகு நிறைவேறிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை. வீட்டையும் கால்நடையையும் இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். சொந்த அனுபவத்தை எழுது என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மாற்றுத் தலைப்பு ஒன்று தயாராக இருக்கட்டும். வ.உ.சி. 1908 மார்ச் 12 அன்று கைதான செய்தி எப்படிப் பரவியது என்பது நல்ல மாற்று. மறுநாளே திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. வானொலி இல்லாத காலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்தது எந்த வழியில் என்று தேடிப் பார்க்கட்டும்.

சமூக ஊடகத்துக்கும் ஏஐக்கும் தனி அலகு போடச் சொல்பவர்களிடம் நான் உடன்படமாட்டேன். பாடத்திட்டம் ஒருமுறை அச்சேறினால் மூன்று ஆண்டாவது ஓடும். அதற்குள் செயலிகளின் பெயர் மாறிவிடும். கேள்வியை அலகுகளுக்குள் பரப்பிவிடுங்கள். மெக்கோம்ஸும் ஷாவும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, எதைப் பற்றி யோசிப்பது என்பதைச் செய்தி ஊடகம் எப்படி முன்வைக்கிறது என்று பார்த்தது. இன்று ஃபோன் திரையில் அதை வரிசைப்படுத்துவது யார், எதற்காக? ஒரே நேரத்தில் ஐந்து மாணவர்களின் திரையில் முதலில் வந்தவற்றை எழுதி ஒப்பிட்டால் பாடம் முடிந்தது. ஏஐ எழுதிய ஒரு செய்தியை அனுப்புநர் என்ற கட்டத்தில் யார் பெயரில் போடுவது என்ற கேள்வி லாஸ்வெல் வகுப்பிலேயே வரட்டும்.

சொற்களற்ற தொடர்பு என்ற பகுதியில் பெரும்பாலான குறிப்புகளில் உள்ள ஒரு பிழையை இந்தத் திருத்தத்திலேயே களைந்துவிடுங்கள். கண் பார்வை, கையசைவு ஆகியவற்றோடு சைகை மொழியையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். சைகை மொழி தனக்கென இலக்கணம் உள்ள முழு மொழி, அது மொழித் தொடர்பில் வர வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கான, நூறாண்டு கடந்த பள்ளி இருக்கும் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைத் தப்பாக நடத்தக் கூடாது.

ஊடக வரலாறு இந்தத் தாளில் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம், 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1957இல் திருநெல்வேலிக்கு வந்த தினமலர், எட்டயபுரத்துப் பாரதி 1906இல் சென்னையில் ஆசிரியர் பொறுப்பேற்ற 'இந்தியா' வார இதழ் என்று மூன்று கதைகளைப் பிடித்துக்கொண்டால் வானொலி, நாளிதழ், அரசியல் இதழ் மூன்றையும் தொட்டுவிடலாம்.

மதிப்பீட்டுக்கு வருவோம். அகமதிப்பீடு 25 என்றால் அதில் பத்தையாவது களக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். கையால் எழுதியது, தேதி போட்டது, வாரம் ஒரு பக்கம் போதும். பேருந்து நிலையத்தில் கேட்ட அறிவிப்பு, வங்கியில் படிவம் புரியாமல் நின்ற ஒருவர், நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ஒட்டிய போக்குவரத்து மாற்றப் பலகை என்று எதுவானாலும் சரி. இப்போது கட்டுரையை ஏஐ எழுதித் தந்துவிடும், தடுக்க முடியாது. ஆனால் மூன்று நிமிடம் எதிரே உட்கார வைத்து 'இந்தப் பலகையை எங்கே பார்த்தே, யாருக்குப் புரியலே?' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அறுபது பேர் வகுப்பு என்றால் எல்லாரையும் ஒரே வாரத்தில் கேட்க முடியாது. வாரம் ஐந்தாறு பேர் என்று பருவம் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பருவத் தேர்வு வினாவிலும், தெரியாத ஓர் அறிவிப்பையோ செய்தியையோ தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துக் கேளுங்கள். 'கீழே உள்ள மாவட்ட நிர்வாக அறிவிப்பு கடலோரக் கிராமத்து மீனவருக்கு எந்த இடத்தில் புரியாமல் போகும்? மாற்றி எழுதுக' என்ற வினாவுக்கு மனப்பாடம் உதவாது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காக வினா இரு மொழியிலும் இருக்கட்டும், விடையும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழி உறுதி அடுத்த துறைத் தலைவர் வந்ததும் காணாமல் போகும்.

பாடத்திட்டக் குழுவில் எதிர்ப்பு வரும். 'ஒன்பது மாதிரியை எடுத்துவிட்டால் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வுக்கு என்ன செய்வார்கள்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அது முதுகலை முடிக்கும் கட்டத்தில் எழுதும் தேர்வு, முதல் பருவத்தில் அதற்குத் தயார்செய்ய வேண்டியதில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய வினாத்தாள்களையும் உங்கள் மாதிரி வினாத்தாளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள், நீண்ட விளக்கத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். குழுவில் வெளி நிபுணர்களோடு ஊடகத் துறைப் பிரதிநிதி ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருப்பார்கள். வழக்கமாகக் கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுகிறோம். இந்த முறை வரைவை ஒரு வாரம் முன்பே அனுப்பி, 'வேலைக்குப் போனபின் இந்தத் தாளில் எது கைகொடுத்தது?' என்று முன்னாள் மாணவரைக் கூட்டத்திலேயே பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் ஒன்று: அரியர். புதிய திட்டம் அடுத்த ஆண்டு சேருபவர்களுக்குத்தான். பழைய தாளில் தேறாதவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் எத்தனை பருவம் வரை வினாத்தாள் வரும், அதன்பிறகு எந்தத் தாள் அதற்கு இணையாகக் கொள்ளப்படும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக் கல்விக் குழு ஒப்புதலுக்கு அனுப்புங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுவதும் நல்லது.