வாசகர் கேள்வி: ராபின் ஹுட்டுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: 1991-இல் வந்த கெவின் காஸ்ட்னரின் ராபின் ஹுட் படத்தை எப்போது டிவியில் போட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படித்தால் ஆளாளுக்குக் கிழித்திருக்கிறார்கள். என் ரசனையில் கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதும் பெரும்பாலும் சரிதான். காஸ்ட்னர் அப்போதுதான் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார், எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். படத்திலோ அவருடைய பேச்சு ஒரு காட்சியில் கொஞ்சம் ஆங்கிலேயர் மாதிரி, அடுத்த காட்சியில் சுத்த அமெரிக்கர் மாதிரி. உச்சரிப்பைக்கூட விட்டுவிடலாம், முகத்தில் சிரிப்பே இல்லையே! காட்டுக்குள் ஒளிந்துகொண்டு பணக்காரர்களை ஏய்க்கிற ஒருவன், ஏதோ வீட்டுக்கடன் தவணை பாக்கி வைத்தவன் மாதிரி முழுப் படத்திலும் திரிந்தால் எப்படி? அந்த வருடத்தின் மோசமான நடிகர் என்று ராஸி விருது அவருக்குத்தான் போனது. அதே படத்தில் வில்லன் ஷெரீஃபாக வரும் ஆலன் ரிக்மனைப் பாருங்கள். கோபத்தில் கிறிஸ்துமஸையே ரத்து செய்கிறார் மனிதர், ஒவ்வொரு காட்சியையும் ருசித்து ருசித்துச் செய்திருக்கிறார், அதற்கு சிறந்த துணை நடிகருக்கான பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. நீங்கள் டிவி முன்னால் உட்காருவது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள், ரிக்மனுக்காகத்தான் இருக்கும். விமர்சகர்கள் திட்டியும் உலக அளவில் சுமார் 39 கோடி டாலர் வசூல். பிரையன் ஆடம்ஸின் பாட்டு வேறு பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தது.

கேள்வி: வரலாற்றுப் பிழைகள் மலிந்த படம் என்கிறார்களே, அதை மன்னிக்கலாமா?

பதில்: எந்த வரலாறு என்று முதலில் கேட்க வேண்டும். ராபின் ஹுட் என்று ஒருவர் நிஜமாகவே வாழ்ந்தாரா என்பதே முடிவாகவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது கதைப்பாடல்கள். 1500-ஐ ஒட்டி அச்சான பழைய நெடும்பாடலில் வரும் ராஜா, சினிமாவில் காட்டுகிற ரிச்சர்ட் இல்லை, எட்வர்ட். ராபின் பிரபுவும் இல்லை, சாதாரணக் குடியானவர். ராபினின் காதலி மேரியன் அதில் கிடையவே கிடையாது, மே மாதத் திருவிழாக் கூத்துகள் வழியாகப் பிற்பாடு வந்து சேர்ந்தவள். ரிச்சர்ட் காலத்தில் ராபினைக் கொண்டுபோய் உட்கார வைத்தது 1521-இல் ஜான் மேஜர் எழுதிய வரலாற்று நூல். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை ஒட்டவைத்த கதை இது, சினிமாக்காரர்களும் ஒட்டவைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வரைபடத்தை மன்னிப்பது கஷ்டம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே வந்து இறங்கும் ராபின், பொழுது சாய்வதற்குள் நடந்தே ஊர் போய்விடலாம் என்கிறார். அடுத்த காட்சியில் வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர் பக்கத்தில் அந்தப் பிரபலமான ஒற்றை மரத்தடியில் நிற்கிறார்! அது அவருடைய ஊரான நாட்டிங்ஹாமையும் தாண்டி வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற இடம். (அந்த மரத்தை 2023-இல் யாரோ புண்ணியவான்கள் இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். படத்தைவிட அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டேன்.)

கேள்வி: 1938-இல் வந்த எரால் ஃப்ளின் படத்தை மட்டும் ஏன் இன்னும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? அதிலும் வரலாறு ஒன்றும் இல்லையே?

பதில்: இல்லைதான். ஆனால் தான் ஒரு கதைப்பாடல் என்பது அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஃப்ளின் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும்போது பச்சைக் கால்சட்டை நம் கண்ணை உறுத்துவதில்லை. வில்லியம் கீலி ஆரம்பித்து மைக்கேல் கர்டிஸ் முடித்த படம், சுமார் 20 லட்சம் டாலர் செலவு, வார்னர் கம்பெனி அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு கொட்டியதில்லை. டெக்னிகலர் வண்ணத்தை ஒளித்து வைக்காமல் வாரி இறைத்திருக்கிறார்கள். கடைசி வாள்சண்டையில் எதிரே நிற்கும் பேசில் ராத்போன் நிஜத்திலேயே நன்றாக வாள் சுழற்றத் தெரிந்தவர். இருவரும் தூணுக்குப் பின்னால் போக, அவர்கள் நிழல்கள் மட்டும் மோதிக்கொள்ளும் அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். கோர்ங்கோல்டின் இசைக்கு ஆஸ்கர், எடிட்டிங்குக்கும் கலை இயக்கத்துக்கும் சேர்த்து மொத்தம் மூன்று.

கேள்வி: ரிட்லி ஸ்காட்டின் படம்?

பதில்: 2010-இல் கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த படம். சேறு, இரும்பு, குதிரை எல்லாம் அசல் போலவே இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ராபின் காட்டுக்குள் போவதற்கு முந்தைய கதை என்று சொல்லி இரண்டேகால் மணி நேரம் இழுத்து, அவர் ராபின் ஹுட் ஆகிற இடத்தில் படத்தை முடித்துவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கியவன் அதற்கப்புறம் நடப்பதைப் பார்க்கத்தானே வந்தான்? ராபினாக வரும் ரஸ்ஸல் குரோவின் உச்சரிப்பும் வம்பானது, பேட்டி ஒன்றில் அதைப் பற்றிக் கேட்டதற்கு எழுந்தே போய்விட்டார்.

கேள்வி: ஒன்பது வயதுப் பையனுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

பதில்: ஃப்ளின் படம். காஸ்ட்னர் படம் சிறையில் கையை வெட்டும் காட்சியோடு ஆரம்பிக்கிறது, முடிவுக்கு முன்னால் ஷெரீஃப் மேரியனிடம் நடந்துகொள்வதும் சின்னப் பையனுக்கு ஆகாது. வாண்டு இன்னும் சின்னது என்றால் ராபினை நரியாக்கி டிஸ்னி எடுத்த 1973 கார்ட்டூன் இருக்கவே இருக்கிறது.