ஆங்கில வினையடைகள்: ‘லி’ சேர்த்தால் போதுமா?

பெயரடையுடன், அதாவது அட்ஜெக்டிவுடன், ‘லி’ சேர்த்தால் வினையடை, அதாவது அட்வெர்ப், ஆகிவிடும் என்று படித்த பின்பும் வாக்கியங்கள் ஏன் பிழையாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலர் ‘லி’யை நமது ‘ஆக’ என்னும் உருபுக்கு நேரானதாக எண்ணிவிடுவதே முதற் காரணம் என்பது என் கருத்து.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஹட்டனில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய், மழையிலும் பனியிலும் தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். ‘கடுமையாக’ என்பதில் ‘ஆக’ இருப்பதால் ‘ஹார்ட்’ உடன் ‘லி’ சேர வேண்டும் என்று நம்பி, ‘மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதினேன். ‘ஹார்ட்லி’ என்பதற்கு ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று பொருள். அம்மா வேலையே செய்வதில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நேர்முகத்தேர்வில் ஒருவர் பொறுமையாக விளக்கியபோது பட்ட வேதனை இன்றும் மறக்கவில்லை. ‘மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்’ என்பதே சரி. அங்கே பெயரடைக்கும் வினையடைக்கும் வடிவம் ஒன்றுதான். ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லும் அப்படியே. ‘லேட்’ என்றால் தாமதமாக, ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘ஃபிரெண்ட்லி’யோ ‘லி’யில் முடிந்தும் பெயரடையாகவே நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் ‘ஆக’விலிருந்தே வருகிறது. ‘தேநீர் சூடாக இருக்கிறது’ என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ‘த டீ இஸ் ஹொட்’ என்று பெயரடையைத்தான் வைக்க வேண்டும், ஏனெனில் அங்கே செயல் எதுவும் நடக்கவில்லை, தேநீரின் தன்மையே சொல்லப்படுகிறது. ‘இருக்கிறது’ என்று முடியும் தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது, ‘லி’ போடுவதற்கு முன் ஒரு கணம் நின்று பாருங்கள்.

சொல்லை வைக்கும் இடமும் முக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால், ‘அவள் ஆங்கிலத்தை நன்றாகப் பேசுகிறாள்’ என்று வினையடையை வினைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் வினையையும் செயப்படுபொருளையும் பொதுவாகப் பிரிப்பதில்லை. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்’ என்று செயப்படுபொருளைச் சொல்லி முடித்த பிறகே ‘வெல்’ வர வேண்டும். ‘ஆல்வேஸ்’, ‘ஒஃபன்’, ‘நெவர்’ போன்று எத்தனை தடவை என்பதைச் சொல்பவையோ வழக்கமாக வினைக்கு முன்னால் வரும்: ‘ஷி ஆல்வேஸ் கம்ஸ் ஏர்லி’. வினை ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்று இருந்தால் அவையும் பின்னால் போய்விடும்: ‘ஷி இஸ் ஆல்வேஸ் ஏர்லி’.