கோட் போட்ட ஃபோட்டோவுக்கு 4,500 ரூபாயா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்து எட்டு மாதமாக வேலை தேடுகிறாள். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில், "ரெஸ்யூமில் ப்ரொஃபஷனல் ஃபோட்டோ இல்லாததால்தான் அழைப்பு வரவில்லை. ஃபோட்டோ எடுத்து, ரெஸ்யூம் தயார் செய்து, கம்பெனிகளுக்கு நாங்களே அனுப்புகிறோம், 4,500 ரூபாய்" என்கிறார்கள். யார் எவரென்று தெரியாதவர்களுக்கெல்லாம் தன் படம் போவதில் அவளுக்கு விருப்பமில்லை. படம் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா? அவள் அண்ணன் ஐ.டி.ஐ. வெல்டர், வளைகுடா வேலைக்கு முயற்சி செய்கிறான். அவனும் இவர்களிடமே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பணம் கட்டாதீர்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி.

கோவையிலும் சென்னையிலும் 19 வருடம் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். படம் இல்லை என்று ஒரு ரெஸ்யூமையும் தள்ளி வைத்ததில்லை. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நௌக்ரி மாதிரி ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் 'டேலி, ஜி.எஸ்.டி., ஃபிரஷர்' என்று தட்டுவோம். அந்த வார்த்தைகள் உள்ள ரெஸ்யூம்கள் வந்து விழும். அதற்கு முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். பிறகு கண்ணால் பார்க்கும்போதும் முதல் பக்கத்தின் மேல் பாதியைத் தாண்டுவது அபூர்வம். அந்த இடத்தில் படம் உட்கார்ந்துகொண்டால், டேலி சான்றிதழ் கீழே போய்விடும். படத்தைக் கட்டம் போட்டு அதற்குப் பக்கத்தில் பெயரையும் ஃபோன் நம்பரையும் வைத்தால், சில கம்பெனிகளின் மென்பொருள் அந்த நம்பரையே படிக்காமல் விட்டுவிடும். ஏன் என்று கேட்டால் நீளும். பெயர், நம்பர், மின்னஞ்சல் மூன்றும் மேலே கட்டம் இல்லாமல் சாதாரண வரிகளாக இருக்கட்டும், அது போதும்.

அழைப்பு வராததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அவள் ரெஸ்யூமை நான் பார்க்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் ரெஸ்யூமில் பாதிப் பக்கத்தை அப்பா பெயர், மதம், திருமணமானவரா, பொழுதுபோக்கு, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மையென உறுதி கூறுகிறேன்' இவையே தின்றுவிடும். தரகர் கையில் கொடுத்தனுப்பும் கல்யாண பயோடேட்டா போலவே இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, கல்லூரி புராஜெக்டில் என்ன செய்தாள், எந்த மென்பொருளில் கை பழகியிருக்கிறாள் என்று எழுதச் சொல்லுங்கள்.

இந்த 'ப்ரொஃபஷனல் ஃபோட்டோ' எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒருமுறை வாக்-இன் நேர்காணலுக்கு வந்த ரெஸ்யூம்களை மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பையன்கள், மூவருக்கும் ஒரே கருப்புக் கோட், ஒரே மெரூன் டை, காலரின் இடது பக்கத்தில் ஒரே மடிப்பு. தலை மட்டும்தான் வேறு. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் கோட் தயாராக இருக்கிறது, கழுத்துக்கு மேலே தலையை ஒட்டிவிடுகிறார்கள். கூடவே முகத்தை நான்கு சுற்று வெளுத்தும் விட்டிருந்தார்கள். அந்த மூவரில் ஒரு தம்பி உள்ளே வந்தபோது, படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அடையாள அட்டை கேட்டேன். பாவம், அவன் தடுமாறிப்போனான். தவறு அவனுடையதா? கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுடையது.

அடுத்தது, மகள் பயப்படுகிற விஷயம். நியாயமான பயம். படம், ஃபோன் நம்பர், வீட்டு முகவரி மூன்றும் ஒரே தாளில் இருந்து, அந்தத் தாள் 'எல்லாக் கம்பெனிக்கும் அனுப்புகிறோம்' என்பவர் கையில் இருந்தால், அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்கே தெரியாது. ரெஸ்யூமில் முழு முகவரி வேண்டாம், ஊர் பெயர் போதும். ஆதார் நகலையும் பான் நகலையும் ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு கம்பெனி படம் கேட்டே தீருமென்றால், வீட்டு வெள்ளைச் சுவர் முன்னால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே போதும். அவள் தினமும் போடுகிற சுடிதார் போதும், கண்ணாடி போடுகிறவள் என்றால் கண்ணாடியோடு.

இனி அண்ணன். இங்கே மட்டும் நான் சொன்னது தலைகீழ். வளைகுடாவுக்குப் போகும் ரெஸ்யூமில் படம் வைப்பது வழக்கம், வைக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் படம், நேராகப் பார்க்கும் முகம், காது இரண்டும் தெரிய வேண்டும். கோட் வேண்டாம், வெல்டருக்குக் கோட் எதற்கு? காலர் வைத்த சட்டை போதும். பாஸ்போர்ட்டில் தாடி இல்லாமல் இருந்து இப்போது தாடி வளர்த்திருந்தால், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எடுத்துக்கொள்வது நல்லது. இதற்கு ஊர் ஸ்டூடியோவில் நூறு ரூபாய்க்குமேல் ஆகாது. ஸ்டூடியோக்காரரிடம் முதலிலேயே 'வெளுக்காதீங்க அண்ணே' என்று சொல்லிவிடட்டும், கேட்காமலே செய்துவிடுவார்கள்.

அவன் விஷயத்தில் எனக்கு ஏஜென்டைப் பற்றித்தான் கவலை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, ரசீது கொடுத்தாக வேண்டும். 'ஃபோட்டோவுக்கு இவ்வளவு, ஃபைலுக்கு இவ்வளவு, மெடிக்கலுக்கு முன்பணம்' என்று துண்டு துண்டாகக் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே பதிவு செய்யட்டும். அங்கே தாமதமாகும். ஆனால் பணம் கட்டி ஏமாந்துவிட்டு அலைகிற தாமதத்தைவிட அது குறைவு.

மகள் வங்கித் தேர்வு எழுதப்போகிறாள் என்றால் அது தனிக் கதை. அங்கே படம் கட்டாயம், 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும். 51 ஆனால் தளம் ஏற்காது, அதைச் சுருக்கித் தர நெட் சென்டரில் தனியாகக் காசு கேட்பார்கள். கையெழுத்துக்கு வேறு அளவு. ஒவ்வொரு தேர்வு வாரியத்துக்கும் ஒரு கணக்கு. ஒரே பிள்ளையின் ஒரே முகத்தை எத்தனை விதமாக வெட்டச் சொல்வார்களோ! அந்தந்த அறிவிக்கையில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

அந்தக் கன்சல்டன்சிக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? ரசீதோடு, எந்தெந்தக் கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பினார்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். படத்தை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், ஃபோனில் மட்டும் பேசி விடாதீர்கள். ஆன்லைனில் கட்டிய பிறகு ஆள் ஃபோனை எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள், இரண்டு நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.