இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவைப் பாடத்தை வீட்டில் எப்படிப் பழக்குவது?

ஸ்கேலை உடனே கையில் கொடுக்காதீர்கள். முதலில் சாணும் முழமும் போதும். நெல்லையப்பர் கோயில் பக்கம் பூ வாங்கும்போது, பூக்காரம்மா முழம் போடுவதைப் பிள்ளை பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அதே சரத்தைத் தன் முழங்கையால் அளக்கட்டும். பூக்காரம்மாவின் ஒரு முழம் பிள்ளையின் கையில் கிட்டத்தட்ட ஒன்றரை முழமாகும். "ஏம்மா கூடுச்சு?" என்று அவளே கேட்பாள். எல்லாருக்கும் பொதுவான அளவு எதற்கு என்பது அங்கேதான் பிடிபடும். இந்த இடத்தில் அவசரமே படாதீர்கள்.

பிறகு ஸ்கேல். பல பிள்ளைகள் 1-இலிருந்து அளக்கத் தொடங்குவார்கள், 7 செ.மீ. பென்சில் 8 என்று வருவது அதனால்தான். பென்சிலின் ஒரு முனை 0 கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்.

எடைக்கு, அரைக் கிலோ அல்வா ஒரு கையில், 1 கிலோ சீனி மறு கையில். 250 மி.லி. டம்ளரால் 1 லிட்டர் பாட்டிலை நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை டம்ளர் பிடிக்கும் என்று ஊற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.