நவம்பர் மழையில் கோத்தகிரி நடை: வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது

கேள்வி: திருப்பூரிலிருந்து குடும்பமாக ஐந்து பேர் நவம்பர் கடைசியில் கோத்தகிரி போகிறோம். வழிகாட்டியோடு இரண்டு நாள் காட்டு நடை, மறுநாள் பைக்காராவில் படகு. பணம் கட்டியாகிவிட்டது. இப்போது வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். "ரெயின்கோட் இருந்தால் போதும், மழையிலும் கூட்டிப்போவோம்" என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா? அம்மாவுக்கு 58 வயது, மகனுக்கு 13. அட்டைக்கடியும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். கூட நடக்கப்போகும் வழிகாட்டியிடமே நேராகப் பேசி, "எதைப் பார்த்தால், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஓடை பெயரையும் மாற்றுப் பாதையையும் சொல்லிப் பதில் தந்தால் தைரியமாகப் போகலாம். "பார்த்துக்கலாம் சார்" என்றால் தேதியை மாற்றிவிடுங்கள்.

நீலகிரியில் மழைக்கு இரண்டு முகம் உண்டு. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மேற்குப் பக்கத்தில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவமழைக்கோ குன்னூர், கோத்தகிரி சரிவுகள்தான் முதலில் மாட்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். நீங்கள் போவது அந்தப் பக்கம், அதே மாதம். ஆகவே அன்றைய வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. முந்தைய இரண்டு மூன்று நாட்கள் எவ்வளவு பெய்தது என்பதே முக்கியம். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால், அப்புறம் பெய்வது சிறு மழையானாலும் சரிவு இளகும். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். அன்று நடை வேண்டாம். சிவப்பு என்றால் மலையேறவே வேண்டாம்.

சாதாரண மழை நாளில் எளிய பாதை போதும். லாங்வுட் சோலை நல்ல தேர்வு. 116 ஹெக்டேர்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது, நனைந்தால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். 2024-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த காடு அது. ரங்கசாமி மலை முகடு மாதிரி ஏற்றங்களை வெயில் நாளுக்கு விட்டுவிடுங்கள். அனுமதி வாங்கிய பாதைதானா என்பதையும் கேளுங்கள். தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த 2018 குரங்கணி விபத்துக்குப் பிறகு வனத்துறை இதில் கண்டிப்பாக இருக்கிறது.

ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலோ, கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தாலோ திரும்புங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மழை விடாமல் பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண்ணும் மரமும் அடைத்துக்கொண்டிருக்கலாம். உடைத்துக்கொண்டு வந்தால் ஓட நேரம் இருக்காது. ஓடைத் தடத்தை விட்டுப் பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள்.

மூடுபனியில் தேயிலைத் தோட்ட வளைவுகளில் காட்டெருமை நிற்பது தெரியாது. தொப்பியை இழுத்து மூடிக்கொண்டால் காதும் கேட்காது. வழிகாட்டி கையைத் தூக்கியதும் பேச்சை நிறுத்தித் தொப்பியைக் கழற்றுங்கள்.

உடை விஷயத்தில் ரெயின்கோட்டை விட உள்ளே போடுவது முக்கியம். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது, காற்று பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் பனியன், அதன் மேல் கம்பளி அல்லது பிளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணி), எல்லாவற்றுக்கும் மேல் ரெயின்கோட். மாற்றுத்துணி பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். அம்மாவையும் பையனையும் கவனித்துக்கொண்டே இருங்கள். ஷூ நாடாவைக் கட்டத் தடுமாறுவது, பேச்சு குழறுவது, சமதரையில் இடறுவது எல்லாம் குளிர் உள்ளே இறங்கிவிட்டதற்கு அடையாளம். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது மோசமாகிறது என்று அர்த்தம். ஈரத்துணியை மாற்றி, சர்க்கரை போட்ட சூடான தேநீர் கொடுத்து, உடனே கீழே கூட்டிவாருங்கள்.

பைக்காராவில் காற்றோ இடியோ இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். சண்டை போடாதீர்கள். படகு ஓடினால், லைஃப் ஜாக்கெட்டை ரெயின்கோட்டுக்கு மேல் போடுங்கள். பாஞ்சோ மாதிரி தொளதொள உறையை அதன் மேல் போர்த்தினால் தண்ணீரில் விழும்போது முகத்தில் சுற்றிக்கொள்ளும். பட்டிகளை இறுக்கியபின் பையனின் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிய அளவு, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் சாலையைப் பகலிலேயே இறங்கிவிடுங்கள். மலை ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம், இந்த மாதங்களில் மண் சரிந்து அடிக்கடி ரத்தாகும்.

அட்டைக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸில் உப்போ புகையிலைத் தூளோ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பிடுங்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.